வேங்கடம் கடந்த வழிகள்

அகநானூற்றில் வேங்கட மலையைப் பற்றிய பாடல்கள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மலையைக் கடந்து சென்றவன் கூற்றாக அமைந்தவை அல்ல. வீட்டில் இருந்தவளின் கூற்றாகவோ, அவளைத் தேற்றும் தோழியின் கூற்றாகவோ அமைந்தவை. பொருள் தேடும் பொருட்டுத் தலைவன் வடக்கே சென்றுவிட்டான். கள்வர் தலைவனாகிய புல்லி என்பானின் வேங்கடத்தையும் கடந்து, யானைகள் திரியும் காட்டு வழியே, வேற்று மொழி வழங்கும் நாட்டிற்குப் போய்விட்டான். எப்பொழுது திரும்புவான்? மாமூலனார் என்னும் புலவர் இச்செய்தியை மீண்டும் மீண்டும் பாடியிருக்கின்றார். அவ்வேற்று நாட்டிற்குச் சங்கப் புலவர் இட்ட பெயர் 'மொழிபெயர் தேயம்' என்பதாகும். மொழி பெயர்ந்து வேறாகும் நாடு என்பது பொருள். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டு தில்லியில் காலங்கழிக்கும் நமக்கு இத்தொடரைக் காணுந்தோறும் சிறிது பெருமிதமும் சிறிது கூச்சமும் ஒருங்கே தோன்றுவதுண்டு. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம்மைப் போன்றோர் வேலை தேடிப் போயினர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இரயில் அரக்கோணத்தைத் தாண்டித் திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா எனச் செல்கின்றது. சங்கத் தலைவன் அஞ்சி அஞ்சி நடந்து கடந்த சாரலை நாம் இரண்டு மூன்று மணி நேரத்தில், பெரும்பாலும் உறங்கியவாறே, கடந்துவிடுகின்றோம். கண் விழித்தால் கடப்பை வந்துவிடும். இவ்வாறு பல்லாண்டுகள் கடந்துவிட்ட பின்னர், ஒரு தை மாதத்தில், மனைவியோடும் பதினான்கு வயது மகளோடும் மூன்று நாள் அங்கே தங்கி, இயன்ற மட்டும் கால்நடையாகவே சுற்றிப் பார்ப்பது என்று துணிந்தோம். அந்த மூன்று நாட்களில் காலுக்கு அகப்பட்ட வரலாற்றையே இங்குக் கூற விரும்புகின்றோம்.

இவ்வெண்ணம் நமக்கு உதித்தது ஆங்கிலேயரின் வழக்கம் ஒன்றைப் படித்ததனால் என்பதை மறைப்பானேன்? அந்நாட்டில் வாரக் கடைசியில் இரண்டொரு நாள் ஓய்வு கிடைப்பின், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கிராமத்துக்குக் கிராமம் வயல் வரப்பின் வழியாக நடந்து, பழைய மாதா கோவிலையும் இடிந்த கோட்டையையும் பார்த்து வருவோர் மிகப் பலர். இதற்கென அவர்கள் போராடவும் நேர்ந்தது. 1932-ம் ஆண்டு ஏப்ரல் 24-ம் நாள் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் நிலச்சுவான்தார்களின் தடையை மீறி நடந்தனர். அதன் பயனாக ஐவர் சிறை சென்றனர். 1949-ம் ஆண்டில் நாட்டுப்புற நடைபாதைகளைக் காக்கச் சட்டம் பிறந்தது. 1965-ம் ஆண்டில், அதே ஏப்ரல் 24-ம் நாளில், பென்னைன் வழி என்னும் 268 மைல் நீளமுள்ள நெடும்பாதை திறக்கப்பட்டது. அங்கே பாதையைக் காத்தது சட்டம். நம் நாட்டில் பாதையைக் காத்தது வேண்டுதல். மண்டபம், சத்திரம், தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கிக் கல் ஆகியவை எங்கெங்கு எஞ்சியுள்ளனவோ, அங்கெல்லாம் ஒரு பழைய நடைவழி இருந்தது என்று துணிந்து கூறலாம். நிற்க.

முதல் நாள் நகரியை அடுத்த விஜயபுரத்தில் தொடங்கினோம். இது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. பெரிய கோவிலோ கோட்டையோ தேடி இங்கு எவரும் வருவதில்லை. நாமும் அதற்காக வரவில்லை. மொழி பெயரும் இடம் எப்படியிருக்கும் என்று பார்க்கவே வந்தோம். ஒருபுறம் நகரி மலை. அதன் முனையொன்று மூக்குப் போல் நீண்டிருப்பதால், சென்னைத் துறையை நாடி வந்த மாலுமிகள் கடலிலிருந்தே அதனை அடையாளங் கண்டுகொண்டனர் என்பர். மறுபுறம் மாந்தோப்புகளும் கரும்பு வயல்களும். நகரிப் பக்கத்து ஊர்களில் விசைத்தறியின் ஓசை ஓய்வதில்லை.

இங்கே மொழி சட்டென்று மாறுவதில்லை. வெந்நீரில் தண்ணீர் விளாவியது போல் மெல்ல மெல்லவே மாறுகின்றது. தேநீர்க் கடையில் ஒருவர் தமிழில் கேட்கின்றார். மற்றவர் தெலுங்கில் விடை கூறுகின்றார். இருவருக்கும் அது வியப்பாகத் தோன்றவில்லை. அங்கு அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவரிடம், "ஐயா, தாங்கள் தமிழரா, தெலுங்கரா?" என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டிலே தமிழ் சாமி. பசங்க படிப்பு தெலுங்கு. தறியிலே ரெண்டும்" என்றார். கேள்வியே பிழையோ என்று நமக்குத் தோன்றியது.

ஆயினும் இக்கேள்வியை ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கேட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளை எடுத்துச் சித்தூர் மாவட்டம் 1911-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைக்கப்பட்டது. 1952-ம் ஆண்டு டிசம்பர் 15-ம் நாள், தனி ஆந்திரம் வேண்டி உண்ணாவிரதமிருந்த பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உயிர் நீத்தார். 1953-ம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உதயமாயிற்று; சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. தெலுங்கர் சென்னை நகரைக் கேட்டனர். தமிழர் திருப்பதியைக் கேட்டனர். தொல்காப்பியப் பாயிரத்தில் பனம்பாரனார் வேங்கடத்தைத் தமிழுலகின் வட எல்லையாகக் குறித்திருப்பதே நம்மவர் காட்டிய முதற் சான்று. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று வடவெல்லைப் போராட்டத்தை நடத்தினர். இறுதியில் படாஸ்கர் என்பாரின் தீர்ப்பின்படி, கிராமத்தை அலகாகக் கொண்டு, மக்கள் பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் நோக்கிக் கோடு வரையப்பட்டது. அது 1960-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு ஆந்திரத்தைச் சேர்ந்தது. நகரி, விஜயபுரம், சித்தூர், திருப்பதி ஆகியன ஆந்திரத்திலேயே நின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தெலுங்குக் குடும்பத்தில், 1888-ம் ஆண்டு, திருத்தணியில் பிறந்தவர். சிறுவராயிருந்தபோது திருப்பதியில் மிஷன் பள்ளியில் பயின்றவர். அவர் பிறந்தபோது அவ்வூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது, பின்னர்ச் சித்தூரைச் சேர்ந்தது, 1953-ல் ஆந்திரமாயிற்று, அவர் குடியரசுத் துணைத் தலைவராயிருந்தபொழுதே மீண்டும் சென்னை மாநிலமாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைதான் நடந்தது. அந்நடை இன்னும் ஓயவில்லை. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 4-ம் நாள் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நாம் முதல் நாள் உறங்கி எழுந்த ஊர் ஒரு மாவட்டம், மறுநாள் உணவு கொண்ட ஊர் வேறொரு மாவட்டம் என்றானதும் இதனாலேயே.

விஜயபுரத்திலிருந்து நகரிக்கு வந்து, பேருந்தில் புத்தூர் வழியாகத் திருப்பதியை அடைந்தோம். புத்தூர் என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு. மறுநாள் ஆயிரக்கணக்கான படி ஏறி இறங்க வேண்டியிருந்தமையால், அவ்வூரைக் கடக்கும்போது நம் மனைவி அதனைச் சற்றுக் கூர்ந்து பார்த்து வைத்துக்கொண்டார்.

திருப்பதிக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றின் பக்கம், சந்திரகிரி உள்ளது. இவ்வாற்றைத்தான் தமிழர் பொன்முகலி என்று வழங்கினர். காளத்திக் கோவிலைத் தொட்டுச் செல்வதும் இதுவே. மலைமேல் தங்கும் அவசரத்தில் யாத்திரிகர் பலரும் சந்திரகிரியை விட்டுவிடுகின்றனர். நமக்கோ இம்மூன்று நாட்களிலும் மிகுதியாக மனத்தில் தங்கியது இவ்விடமே. செங்குத்தான பாறைக் குன்று. அதன் அடிவாரத்தில் மதில் சூழ்ந்த பரந்த வெளி. அவ்வெளியில் இராஜ மகால், ராணி மகால் என்னும் இரண்டு மாளிகைகள். கோட்டை சற்றேறக்குறைய 1000-ம் ஆண்டளவில் யாதவராயர் காலத்தில் எழுந்தது என்பது மரபு. இராஜ மகால் பிற்பட்ட விஜயநகரக் காலத்தது. மூன்று அடுக்கு மாளிகையாகிய இதில் மரம் என்பதே இல்லை. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே கொண்டு வளைவுகளும் கூரையும் அமைத்துள்ளனர். உச்சியில் கோவில் விமானம் போன்ற கோபுரங்கள். கீழே துருக்கர் பாணி வளைவுகள். இருவேறு கலைகள் ஒரே சுவரில் கலந்து நிற்கின்றன. தொல்பொருள் துறையினர் இதனைக் காட்சிச்சாலையாக வைத்துள்ளனர்.

1565-ம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பின்னர், அரசு பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தது. பின்னர் வேங்கடபதி தேவராயர் காலத்தில் சந்திரகிரிக்கு வந்தது. அவர் 1586 முதல் 1614 வரை ஆண்டவர். அவருடைய அவைக்கு ஏசு சபைப் பாதிரிமாரும் வந்து தங்கினர். ஒரு பேரரசின் மாலைப் பொழுது இக்குன்றின் அடியில் கழிந்தது எனலாம். கன்னடநாட்டு ஆற்றங்கரையில் தோன்றி, தெலுங்குப் புலவரை ஆதரித்து, தமிழ் நாட்டை நாயக்கர் வழியாக ஆண்ட அவ்வரசு, மூன்று மொழிகளும் சந்திக்கும் இவ்விடத்தைத் தலைநகராகத் தேர்ந்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. திருமலைத் தெய்வத்தின் அண்மையும் ஒரு காரணம். தமிழ்நாட்டு நாயக்கர்களிடம் திறை வாங்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

சென்னை நகரம் பிறந்தது இம்மாளிகையில்தான் என்று ஊரார் பெருமையாகக் கூறுவர். இதனைச் சற்று நிதானித்தே கொள்ள வேண்டும். சோழமண்டலக் கரையில் மதராசபட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ளப் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயருக்கு 1639-ம் ஆண்டில் அனுமதி அளித்தவர் அப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயகர். அவர் சந்திரகிரி அரசருக்கு உட்பட்டவர். தம் தந்தை சென்னப்ப நாயகரின் பெயரால் ஊர் வழங்க வேண்டும் என்று அவர் விரும்பியதனால் சென்னப்பட்டினம் என்ற பெயர் உண்டாயிற்று. 1645-ம் ஆண்டில் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் அம்மானியத்தை உறுதி செய்தார். சாசனம் எந்த அறையில் எழுதப்பட்டது என்பது இருக்கட்டும். சென்னைக்குப் பெயர் தந்தவர் தெலுங்கு நாயகரின் தந்தை என்பதில் ஐயமில்லை. 1953-ல் சென்னையைக் கேட்டவரும் திருப்பதியைக் கேட்டவரும் இந்த மாடத்தில் அரை மணி நேரம் ஒருங்கே அமர்ந்திருப்பின், ஒருவரை ஒருவர் பார்த்து நகைத்திருக்கக் கூடும். அரசோ அம்மானியத்திற்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. ஓராண்டுக்குள்ளாகவே கோல்கொண்டாவின் படை இப்பகுதியை வென்றது. கடற்கரையில் கொடுத்த மணல் திட்டு பெருநகரமாயிற்று. கொடுத்தவரின் தலைநகரில் ஆடுகள் மேய்கின்றன.

சந்திரகிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் பழைய வழி மேற்குப் பக்கத்தது. ஸ்ரீநிவாச மங்காபுரத்தைக் கடந்து மலையடிவாரம் சேர்ந்து, ஸ்ரீவாரி மெட்டு என்னும் படிவழியே ஏறுவது அது. விஜயநகர மன்னர் இவ்வழியே மலைக்குச் சென்றனர் என்பது மரபு. மங்காபுரத்துக் கல்யாண வேங்கடேசர் கோவிலைப் பதினாறாம் நூற்றாண்டில் புதுக்கியவர் தாள்ளபாக்கம் சின்னத் திருமலாசாரியர். இவருடைய பாட்டனாரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். இரண்டாம் நாள் வைகறையில் மங்காபுரத்திலிருந்து புறப்பட்டோம். படிகள் 2,388. கிழக்கு வழியினும் இது குறுகியது. ஆனால் செங்குத்து மிகுந்தது. 2021-ம் ஆண்டு நவம்பர் மாதப் பெருமழையில் இவ்வழி சிதைந்து மூடப்பட்டுப் பல மாதங்கள் கழித்து 2022-ம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது. சீர்செய்த இடங்களில் கல் புதிதாயிருக்கின்றது. ஏனைய இடங்களில் எண்ணற்ற பாதங்கள் தேய்த்த வழவழப்பு.

ஏறும்பொழுது படியை மட்டும் பார்க்காமல் பக்கத்துப் பாறையையும் பார்க்க வேண்டும். அடிவாரத்தில் கருங்கல் இனத்துப் பாறை. மேலே செல்லச் செல்ல அடுக்கடுக்கான படிவுப் பாறை. இவ்விரண்டும் சந்திக்கும் கோடு மலைச்சாலையை வெட்டிய இடத்தில் தெளிவாகத் தெரிகின்றது. கீழுள்ள பாறைக்கும் மேலுள்ள பாறைக்கும் இடையே சுமார் 80 கோடி ஆண்டு வரலாறு காணாமற் போயிருக்கின்றது என்பர் நிலநூலார். அதனைத் தேசிய முக்கியத்துவமுள்ள இடமாக அவர்கள் காத்து வருகின்றனர். எல்லைக் கோடு என்றால் இதுவன்றோ எல்லைக் கோடு என்று மூச்சு வாங்க நின்ற இடத்தில் நாம் எண்ணிக்கொண்டோம். மகளோ அப்போது ஐம்பது படி மேலே நின்று நம்மை இந்தியில் அழைத்துக்கொண்டிருந்தாள்.

திருமலை ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோவிலைப் பற்றி நேயர்கள் அறியாதது நாம் கூறுவதற்கு அதிகமில்லை. அதனால் கல்வெட்டுகளைப் பற்றி மட்டும் கூறுவோம். திருமலை, திருப்பதி, திருச்சானூர் கோவில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றை ஆராய்ந்து சாது சுப்பிரமணிய சாஸ்திரி 1930-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பின்னர்த் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. காடவன் பெருந்தேவி என்னும் சாமவை வெள்ளியால் திருமேனி செய்து அளித்து, அதற்கு நிலமும் அணிகலனும் தந்த செய்தி தமிழில் வெட்டப்பட்டுள்ளது. அதன் காலம் 966 என்பர். சோழர் காலத்தில் இப்பகுதிக்குத் திருவேங்கடக் கோட்டம் என்று பெயர். கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை இங்கு வந்தார். அவர் தந்த காணிக்கைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளிலும் எழுதி வைத்தனர். யார் படிக்க வருவர் என்பதை அறிந்து எழுதிய அரசு அது. நம் தொழிலைச் சேர்ந்தவர் சிலர் அங்கே இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயரைக் கல்வெட்டு கூறவில்லை. மொழிபெயர்ப்பாளர் பெயர் அக்காலத்திலும் அச்சேறுவதில்லை போலும்!

கோவிலினுள் தமிழ் இன்றும் வாழ்கின்றது. மார்கழியில் சுப்ரபாதத்திற்குப் பதிலாகத் திருப்பாவை ஓதுகின்றனர். தோமாலை சேவை என்பது தோள்மாலை என்ற சொல்லின் திரிபு என்பர். கருவறை வாயிற்படிக்குக் குலசேகரப் படி என்று பெயர். சேர நாட்டு ஆழ்வார் ஒருவர் இம்மலையில் ஏதேனும் ஒன்றாய்க் கிடக்க வேண்டும் என்று பாடி, படியாகவே ஆகிவிட்டார். அன்றைக்கு நாம் ஏறிய படிகள் அனைத்திற்கும் தலையாய படி அதுவே. வரிசை நகர்ந்த வேகத்தில் சுவரில் வெட்டிய எழுத்தைப் பார்க்க இயலவில்லை. தமிழ்க் கல்வெட்டைப் படித்துக் காட்டுவதாக மகளுக்கு நாம் கொடுத்திருந்த வாக்கு அங்கே நிறைவேறாமற் போயிற்று.

மூன்றாம் நாள் கிழக்குப் பக்கமாக இறங்கினோம். இது அலிபிரி வழி, 3,550 படி. ஏறுவோர் எண்ணற்றவர், இறங்குவோர் சிலரே. இறங்குவது எளிது என்று எண்ணினோம். அந்த எண்ணத்தை முழங்கால் விரைவில் மாற்றியது. அதற்கேற்ப முதலில் வருவதும் முழங்காலின் பெயர் கொண்ட ஏற்றமே. தெலுங்கர் மோகாலி மெட்டு என்பர். தமிழர் முழங்கால் முறிச்சான் என்பர். இம்மலை முழுதும் இறைவன் திருமேனி என்று கருதிய இராமாநுசர், பாதம் பட அஞ்சி இங்கே முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு. அதே இடத்தில் மற்றொரு கதையும் உண்டு. கடப்பைப் பக்கத்துத் தாள்ளபாக்கத்திலிருந்து, சிறுவனாக, வீட்டில் சொல்லாமல் நடந்தே வந்த அன்னமாசாரியர், பசியால் சோர்ந்து இங்கே உறங்கி, கனவில் அலர்மேல்மங்கை தந்த பிரசாதம் உண்டு, எழுந்து தெலுங்கில் சதகம் பாடினார் என்பர். மங்காபுரத்துச் சின்னத் திருமலாசாரியரின் பாட்டனார் இவரே. 1408-ல் பிறந்து 1503-ல் மறைந்த இவருடைய கீர்த்தனங்கள் செப்பேடுகளில் வெட்டப்பட்டுத் திருமலைக் கோவிலில் ஒரு சிறு அறையில் பல நூற்றாண்டுகள் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் அறிஞர் கைக்கு வந்தன. தெற்கிலிருந்து வந்த தமிழ் ஆசாரியருக்கும் வடக்கிலிருந்து வந்த தெலுங்குக் கவிஞருக்கும் முழங்கால் வலித்தது ஒரே இடத்தில்தான். இதனை வரலாறு என்பதா, கதை என்பதா என்று வாதிக்க நாம் விரும்பவில்லை. இரு மொழியாரும் தத்தம் பெரியவரை ஒரே படியில் வைத்துப் போற்றினர் என்பது வரலாறுதான்.

மான் பண்ணையைத் தாண்டினால் பாதை காட்டினூடே செல்கின்றது. சங்கப் பாடலில் வரும் காட்டு விலங்குகள் வெறுங் கற்பனை அல்ல. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெற்றோருடன் ஏறிய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வழியில் சிறுத்தைக்கு இரையானாள். அதன் பின்னர்ச் சிறுவரை அழைத்துச் செல்வதற்கு நேரக் கட்டுப்பாடு விதித்தனர். நடப்போர் கையில் கோலும் கொடுத்தனர். கூட்டமாகச் செல்வதே நன்று. மகளை முன்னே ஓடவிடாமல் கையைப் பற்றிக்கொண்டே நடந்தோம்.

காளி கோபுரத்திற்குக் கீழே படிகள் மிக நெருங்கிச் செங்குத்தாக இறங்குகின்றன. சித்தவட்டத்தை ஆண்ட மட்லி குலத்து அனந்தராஜர் இவ்வழிக்குப் படி அமைத்தவர் என்று கூறுவர். இன்று படிதோறும் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கின்றது. ஒவ்வொரு படிக்கும் குனிந்து பொட்டிட்டு ஏறுவது பலருடைய வேண்டுதல். சேலத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் விடியுமுன் தொடங்கியதாகவும், இன்னும் காளி கோபுரம் எட்டவில்லை என்றும் கூறினார். "இது மகனுக்கு வேலை கிடைச்சதுக்கு, அம்மா" என்று நம் மனைவியிடம் சொன்னார். எங்கே வேலை என்று கேட்டோம். "புனாவிலே" என்றார். பொருள்வயின் பிரிவைத் தாமே நேர்ந்து வேண்டிக்கொண்ட தாய் அவர்.

1944-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதல் மலைச்சாலை திறக்கும் வரை, வசதி படைத்தோர் டோலியிலும் ஏனையோர் நடந்துமே இம்மலைக்குச் சென்றனர். பின்னர் 1970-களில் இரண்டாம் சாலையும் வந்தது. பேருந்து வந்தால் நடைவழி அழியும் என்பது பொது விதி. நம் ஊர்களில் எத்தனையோ சத்திரத்து வழிகள் அப்படித்தான் முட்செடி மூடிப் போயின. இங்கே மட்டும் அவ்விதி பொய்த்தது. மேலே செல்லப் பேருந்து காத்திருக்க, அதனை விட்டுவிட்டு நடக்கின்றவர் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர்.

அலிபிரி என்ற பெயருக்கு, மலையடியில் நின்ற புளியமரத்தால் அடிப்புளி என்றிருந்தது மருவியது என்று காரணம் கூறுவர். அப்புளியின் நிழலில் திருமலை நம்பி தம் மருகராகிய இராமாநுசருக்கு ஓராண்டு இராமாயணப் பொருள் உரைத்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. அங்கிருந்து ஊருக்குள் வந்து, மாலை இரயிலுக்கு நேரமிருந்தமையால், கோவிந்தராசர் கோவிலுக்குச் சென்றோம். தில்லையிலிருந்து பெயர்ந்த பெருமாளுக்கு இராமாநுசர் இங்கே இடம் தந்தார் என்பது மரபு. திருப்பதி நகரம் இக்கோவிலைச் சுற்றியே வளர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்த தெய்வம் என்பதனால் நமக்கு அவரிடம் ஒரு தனி உரிமை தோன்றியது.

பிராகாரத்தில் கூட்டமில்லை. மாலை வெயில் ஒரு சுவரில் சாய்வாக விழுந்து எழுத்துகளின் பள்ளத்தைக் காட்டியது. பாதி எழுத்து சுண்ணாம்பு ஏறி மறைந்திருந்தது, இடையிடையே கிரந்தம். பழந்தமிழ் எழுத்தில் நமக்கே பயிற்சி குறைவு. நான்கு சொல்லைப் படித்து ஐந்தாவதில் நின்றுவிட்டோம். தில்லியில் பிறந்து, வீட்டில் மட்டும் தமிழ் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மிடம் அழுதுகொண்டே அரிச்சுவடி கற்ற மகள், விரலைக் கல்லில் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டத் தொடங்கினாள். 'தி', 'ரு', 'வே'... மெய்யெழுத்தில் புள்ளி இல்லாமையால் தடுமாறினாள். ஒருமுறை பின்னே சென்று மீண்டும் வந்தாள். பிறகு ஒரே மூச்சில், "திருவேங்கடமுடையான்" என்றாள்.

அருகில் நின்ற கோவிற் காவலர் வந்து, அங்கே என்ன எழுதியிருக்கிறது, அம்மா, என்று தெலுங்கில் கேட்டார். கேள்வி அவளுக்கு எப்படிப் புரிந்ததோ, விடையை இந்தியில் கூறினாள். அவர் தலையை அசைத்து, இத்தனை நாள் தாம் சாய்ந்து நின்ற சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். இரண்டு மொழிகளுக்கும் நடுவே உதவி செய்ய நாம் வாயைத் திறந்தோம். ஆனால் அதற்குள் அவர்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டனர்.